பத்து, பதினைந்து, பத்தோடு இரண்டு

எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இரண்டு அறிவுரைகள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று: "ஆறாம் படிவம் பக்கம் போயிராத. எஸ்.டி.பி.எம். ரொம்பக் கஷ்டம்." இன்னொன்று: "அப்படியே போனாலும் தமிழ எடுத்துத் தொலைக்காத. பாயிண்டு அடிபட்டுப் போகும்." முதலாவதைச் சொல்கிறவர் பெரும்பாலும் எஸ்.டி.பி.எம். எழுதாதவர். இரண்டாவதைச் சொல்கிறவர், பல வேளைகளில், ஏதாவதொரு தமிழ் இயக்கத்தின் செயலவை உறுப்பினர்.

மேடையில் மூன்றாவது குரல் ஒன்றும் கேட்கும். "தமிழ் மாணவன் தமிழை எடுக்காவிட்டால் தமிழ் எப்படி வாழும்?" என்று அது கேட்கும். மேடையை விட்டு இறங்கியதும் அது தன் காரில் ஏறிப் போய்விடும்.

இந்தக் கட்டுரை மூன்றுக்கும் எதிரானது. மூன்றிலும் ஒரே குறை இருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போடும் பதினேழு வயதுப் பிள்ளையை யாரும் ஒரு மனிதனாக எண்ணிப் பேசுவதில்லை. ஒருவருக்கு அவன் ஏ எண்ணிக்கை. இன்னொருவருக்கு அவன் தமிழ் எடுத்தோர் பட்டியலில் ஒரு கூட்டல்.

தோட்டப்புறக் கல்வியின் வரலாறே எண்களின் வரலாறுதான். முதல் எண் பத்து. 1923 தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நம்மில் பலர் இதைத் தமிழ்க் கல்விக்குக் கிடைத்த வெற்றியாகவே இன்றும் பேசுகிறோம். வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டத்தில் பள்ளி என்பது எங்கே முடியும் என்றும் பார்க்க வேண்டும். கொட்டகையில் ஓர் ஆசிரியர், காலையில் பால்மரக் காடு, பிறகு பாடம். அங்கே படித்தவன் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியாக வெளியே வந்தால் போதும். அதற்கு மேல் ஏணிப்படி வைக்கும் எண்ணம் தோட்ட நிர்வாகத்துக்கும் இல்லை, காலனிய அரசுக்கும் இல்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகும் ஏணியின் அந்தப் படி வரவில்லை. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நிற்கிறது. அதன் பிறகு மலாய்மொழி இடைநிலைப்பள்ளி. மலாய்மொழியில் தேறாத பிள்ளைக்கு நடுவில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. அங்கே தமிழ் ஒரு பாடமாக மட்டும் தொடரலாம். அதற்கும் ஓர் எண் உண்டு: 1996 கல்விச் சட்டப்படி குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும்.

பதினைந்து என்பது சிரம்பான் நகரத்துப் பள்ளிக்குச் சின்ன எண். பகாவ், கெமெஞ்சே, லிங்கி பக்கத்துப் பள்ளிக்கு அது சின்ன எண்ணில்லை. தோட்டங்களில் தமிழர் குறைந்துவிட்டனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் குலை வெட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரத்து நிலமெல்லாம் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. சில தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங்' மிச்சமிருக்கிறது. வெளியேறிய குடும்பங்கள் ஒரே இடத்துக்குப் போகவில்லை. மலிவுவிலை வீடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின. ஒரு பள்ளியில் ஒன்பது பேர், அடுத்த பள்ளியில் பதினொரு பேர். கூட்டினால் இருபது. தனித்தனியாக நின்றால் வகுப்பு கேட்கும் உரிமைகூட இல்லை.

மூன்றாவது எண் பத்தோடு இரண்டு. 2004 எஸ்.பி.எம். தேர்வில் ஒரு மாணவி 17 ஏ எடுத்தார். அதன்பின் யார் அதிகப் பாடம் எடுப்பது என்ற போட்டி வலுத்தது. 2009இல் கல்வி அமைச்சு, இனி பத்துப் பாடம்தான் என்று வரம்பு கட்டியது. அறிவியல் பிரிவு மாணவனுக்குக் கட்டாயப் பாடங்களும் துறைப் பாடங்களும் போனால் தமிழுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் இடமில்லை. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. மனுக்கள் போயின. கூட்டங்கள் நடந்தன. அந்த வருட முடிவில் அமைச்சு இறங்கிவந்தது: பத்தோடு இரண்டு எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது நடந்திராவிட்டால் 6354, 9217 என்ற இரண்டு பாடக் குறியீடுகளும் பல மாணவர்களின் பதிவுப் படிவத்தில் இருந்திருக்காது. என் கேள்வி அடுத்த நாளைப் பற்றியது. பதிந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. பாடம் நடத்த ஆசிரியர்? அட்டவணையில் நேரம்? வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போக வண்டி? 'கூடுதல் பாடம்' என்று பெயர் வைத்ததுமே அந்தப் பாடத்தின் தலையெழுத்தும் எழுதப்பட்டுவிட்டது. கூடுதல் பாடம் என்றால் பள்ளி முடிந்த பிறகு. இல்லையென்றால் சனிக்கிழமை. அதுவும் இல்லையென்றால் நீயே படித்துக்கொள்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா நீலாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி வேன் காலை ஆறு மணிக்கு வரும், மதியம் திரும்பும். இலக்கிய வகுப்பு மூன்று மணிக்கு. வேன்காரர் ஒருவனுக்காகக் காத்திருக்க மாட்டார். இருந்துவிட்டால் பஸ் நிறுத்தத்திலிருந்து தோட்டத்துக்குள் நடை. மழைக்காலத்தில் அந்தச் செம்மண் சாலை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இவனிடம் போய் "உனக்கு மொழிப்பற்று இல்லை" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இவனுக்குப் பற்று இருக்கிறது. வேன்தான் இல்லை.

மேடையில் பேசுகிறவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அனைத்துலகப் பள்ளியில் ஐ.ஜி.சி.எஸ்.இ., பிறகு ஏ-லெவல். தவறில்லை, அது அவர் காசு, அவர் பிள்ளை. ஆனால் ஒரு மொழியின் எதிர்காலத்தைத் தன் வீட்டுப் பிள்ளை சுமக்க வேண்டாம், தோட்டத்துப் பிள்ளை சுமக்கட்டும் என்று ஒரு சமூகம் முடிவு செய்தால் அதற்குப் பெயர் மொழிப்பற்று கிடையாது. முன்பு தலையில் பால்வாளியை ஏற்றினோம். இப்போது தமிழை ஏற்றுகிறோம்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "எமோஷனலா பேசாதீங்க சார். ஏ தானே கணக்கு" என்பார்கள். சரி, கணக்கே பேசுவோம்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு முக்கியமான வழி இரண்டு. மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும். அதில் இடங்கள் 90:10 என்று பிரிக்கப்பட்டவை. பூமிபுத்ராக்கள் அல்லாத எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பத்து. 2024இல் பிரதமர், பத்து ஏவும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அதோடு 'பத்து' மறுபடியும் தோட்டத்துப் பிள்ளையின் வாசலில் வந்து நின்றது. பத்து ஏவுக்கு ஓடுகிற மாணவன் பதினொன்றாவது பாடத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பான். அவனைத் திட்ட எனக்கு மனமில்லை. எத்தனை மதிப்பெண் எடுத்தால் ஏ என்பதைத் தேர்வு வாரியம் வெளியிடுவதில்லை. தமிழில் ஏ வாங்குவது கடினம் என்ற பேச்சு சரியா தவறா என்று ஒரு பெற்றோரால் சரிபார்க்கவே முடியாது. தெரியாத இடத்தில் வதந்திதான் ஆலோசகர்.

ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளில் பத்து ஏ எடுக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு நம் அறிவுரை என்ன? நான்கைந்து பாடங்களில் கிரெடிட் வாங்கிய பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மெட்ரிகுலேஷன் கிடைக்காது. ஆறாம் படிவம் கஷ்டம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அப்போது கோயில் மண்டபத்தில் கல்விக் கண்காட்சி என்று பதாகை கட்டுகிறார்கள். வண்ணக் காகிதத்தில் டிப்ளோமா. "காசே கட்ட வேணாம்மா, பி.டி.பி.டி.என். இருக்கு." 1997இல் தொடங்கிய அந்தக் கடன் பலருக்குக் கதவைத் திறந்தது உண்மை. அது கடன் என்பதும் உண்மை. இருபத்தொரு வயதில், வேலை நிச்சயமில்லாத ஒரு டிப்ளோமாவோடும் பல்லாயிரம் வெள்ளிக் கடனோடும் அவள் வாழ்க்கையைத் தொடங்குகிறாள்.

அவளிடம் யாரும் சொல்லாத வழி ஆறாம் படிவம். கல்விக் கட்டணம் கிடையாது. அரசாங்கப் பள்ளி, அரசாங்க ஆசிரியர். எஸ்.டி.பி.எம். 1982 முதல் நடக்கிறது. பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிற பல்கலைக்கழக நுழைவுத் தரத் தேர்வு அது. ஏ-லெவலுக்கு ஈடானது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்பது. "ரொம்பக் கஷ்டம்" என்ற கதை பழைய முறையிலிருந்து வந்தது. அப்போது ஒன்றரை வருடம் படித்ததை வருடக் கடைசியில் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். 2012இல் அதை மூன்று பருவமாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளைத் திரும்ப எழுதலாம். பாடங்கள் நான்கு போதும். பொது அறிவுப் பாடம் கட்டாயம், மற்றவை உன் தேர்வு. அந்தத் தேர்வில் தமிழும் ஒரு பாடம்.

நான்கில் ஒன்று! எஸ்.பி.எம்.மில் தமிழ் பதினொன்றாவது, பன்னிரண்டாவது பாடம். எஸ்.டி.பி.எம்.மில் அது நான்கில் ஒன்று. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பாடம் நடுவீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்து, வீட்டிலும் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்குப் பழக்கமான களம் அது. அவளுடைய பலத்தைக் கணக்கில் சேர்க்கும் ஒரே தேர்வில் அதை எடுக்காதே என்கிறோம். ஏன்? எஸ்.பி.எம். பயத்தை அப்படியே ஒரு படி மேலே தூக்கிக்கொண்டு போகிறோம்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் அதை வழிநடத்திய காலத்தில்தான், 1966இல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தத் துறைக்கு மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள்? வானத்திலிருந்து குதிக்க மாட்டார்கள். ஆறாம் படிவத்தில் தமிழை எடுக்காதே என்று சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைக்கு ஆளில்லை என்று அறிக்கை விடுவது, வாய்க்காலை அடைத்துவிட்டு வயல் காய்கிறது என்று அழுவது.

அக்கம்பக்கம் பார்க்கலாம். சிங்கப்பூரில் உயர்தமிழ் எடுத்துத் தேறினால் ஜூனியர் கல்லூரிச் சேர்க்கைப் புள்ளியில் சலுகை உண்டு. ஜூனியர் கல்லூரியில் தமிழ்மொழியும் இலக்கியமும் ஏ-லெவல் பாடமாக இருக்கிறது. சிங்கப்பூர் அரசு தமிழ்மேல் காதல் கொண்டு இதைச் செய்யவில்லை. கூடுதலாக உழைக்கச் சொன்னால் கூலி கொடுக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அது. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத் தேர்வுகளைப் பள்ளியிலிருந்தபடியே எழுதுகிறார்கள். வகுப்பில் சேராமல் தானே படித்தவனும், இடம் கொடுக்க ஒரு பள்ளி சம்மதித்தால், எழுதலாம். நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகள் அதைப் பாடக் கணக்கில் ஏற்கின்றன. அங்கேயும் குறைகள் உண்டு. கட்டணம் அதிகம், வசதியான பள்ளிகளில்தான் இந்த வகுப்புகள் நிறைய. ஆனால் மாணவனுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: நான் இதற்குப் பெயர் கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும். நம் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் "தமிழ் வாழும்" என்பது. தமிழ் வாழட்டும். அவன் எப்படி வாழ்வான்?

இலக்கிய வட்டத்துக்கு வருகிறேன். இந்தத் தளத்தைப் படிக்கும் இளைஞர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். தேர்வு இலக்கியம் என்றால் ஓர் ஏளனம். "கருப்பொருள், துணைக்கருப்பொருள், பாத்திரப் படைப்பு, உத்தின்னு மனப்பாடம் பண்றதெல்லாம் இலக்கியமா?" இல்லைதான். வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு நாவலைத் திறக்காமலே ஏ வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்து வீட்டில் ஒரு நாவல் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று யோசித்தோமா? ஒரு பெண்பிள்ளை சும்மா கதைப்புத்தகம் படித்தால் "வேல இல்லியா ஒனக்கு?" என்ற குரல் வரும். அதே புத்தகத்தை "பரீட்சைக்கும்மா" என்று சொல்லிப் படித்தால் தொலைக்காட்சியின் சத்தம் குறையும். தம்பி வெளியே போய் விளையாடுவான். தட்டு கழுவும் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் விடுதலை கிடைக்கும். அந்த வீட்டில் வாசிப்புக்கு அனுமதி வாங்கித் தருவது தேர்வு மட்டும்தான். கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் இலக்கியம் பேசுகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவைப்படுவதில்லை. அதனால் அதன் மதிப்பும் தெரிவதில்லை.

தேர்வு இலக்கியம் மோசமாகக் கற்பிக்கப்படுகிறதா? அப்படியானால் உள்ளே போய் மாற்ற வேண்டும். வாசகர்கள் இல்லை, புத்தகம் விற்கவில்லை என்று புலம்பும் எழுத்தாளர்களில் எத்தனை பேர் ஓர் ஆறாம் படிவ வகுப்புக்குப் போயிருக்கிறார்கள்? நூல் வெளியீட்டுக்கு டத்தோவைத் தேடி ஆறு மாதம் அலைய நேரமிருக்கிறது. பகாவிலோ போர்ட்டிக்சனிலோ பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சிறுகதையைப் பேச ஒரு சனிக்கிழமை இல்லை. இன்றைக்கு அந்தப் பத்துப் பேர்தான் நாளைக்கு வாசகர்கள். வேறு எங்கிருந்தும் வரப் போவதில்லை.

சரி, என்னதான் செய்வது? பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். செய்யக்கூடியது நான்கு.

ஒன்று. ஒரு பள்ளியில் பதினைந்து சேரவில்லையென்றால் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பொது வகுப்பு நடத்த வேண்டும். சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் என்று வட்டாரத்துக்கு ஒன்று. வகுப்புக்கு இடம் தேட வேண்டியதில்லை. மாநிலமெங்கும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாலையில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன.

இரண்டு. வேன். இயக்கங்கள் மாநாட்டு விருந்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும். 'தமிழ் காப்போம்' என்று பதாகை அடிப்பதற்குப் பதில் வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் காசு கொடுங்கள்.

மூன்று. எந்தெந்த ஆறாம் படிவ மையங்களில் தமிழ் இருக்கிறது என்ற பட்டியல் எஸ்.பி.எம். முடிவுக்கு முன்பே ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். எல்லா மையத்திலும் தமிழ் இல்லை. இருக்கும் இடம் தெரியாமலேயே பல பிள்ளைகள் வேறு பாடத்துக்குப் போகிறார்கள். படிவம் நிரப்பும் நாளில் தெரிந்து பயனில்லை.

நான்கு. மதிப்பெண் எல்லையை வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டும். 2009இல் பத்தோடு இரண்டு கேட்டு மனு கொடுத்தவர்கள் இதற்கும் மனு கொடுக்கலாம். தமிழில் ஏ வாங்குவது உண்மையிலேயே கடினமென்றால் அதைச் சரி செய்யச் சொல்லிப் போராடுவோம். கடினமில்லையென்றால் வதந்தி சாகும். இரண்டில் எது நடந்தாலும் லாபம்.

இதையெல்லாம் செய்யாமல் எந்தப் பிள்ளையிடமும் "பெயர் கொடு" என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. செய்துவிட்டால் கேட்கவே தேவையிருக்காது.

கடைசியாக, படிவத்தைக் கையில் வைத்திருக்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும். 2021இல் யு.பி.எஸ்.ஆர். போய்விட்டது, 2022இல் பி.டி.3 போய்விட்டது. அதற்குப் பின் வந்த உங்களுக்கு எஸ்.பி.எம். தான் முதல் பெரிய பொதுத்தேர்வு. அதனால் பயம் அதிகம், அறிவுரை அதைவிட அதிகம். எல்லாரும் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் சொல்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நீங்க அந்தப் பரீட்சை எழுதியிருக்கீங்களா? உங்க பிள்ளைக்கும் இதையேதான் சொல்வீங்களா? நான் எடுத்தா என்னை யாரு வீட்டுல கொண்டுவந்து விடுவாங்க?

மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் கிடைத்தால் அவர் பேச்சை நம்பலாம். கிடைக்கவில்லையென்றால் நீங்களே முடிவெடுங்கள். தமிழைக் காப்பாற்ற எடுக்க வேண்டாம். அந்த வேலையைச் செய்யச் சம்பளம் வாங்குகிறவர்களும் பட்டம் வாங்குகிறவர்களும் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். உங்களுக்கு அது வரும் என்பதற்காக எடுங்கள், பிடிக்கும் என்பதற்காக எடுங்கள். நான்கு பாடத்தில் ஒன்றாக அது உங்களைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோகும் என்பதற்காக எடுங்கள். மொழிக்காகப் போட்ட கையெழுத்து முதல் மழையிலேயே அழிந்துபோகும். தனக்காகப் போட்டது நிற்கும்.